பழைய கூட்டில் புதுக் கோழிகள்

விடைகளையும் இளஞ்சேவல்களையும் சண்டையும் நோயும் இன்றிச் சேர்க்கும் முறை

மலை சரியும் என்ற அறிவித்தல் வந்து வீட்டை விட்டு ஓடும்போது ஒரு குடும்பம் கையில் எடுப்பவை சில பொருட்கள் மாத்திரமே. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்கள், மாற்று உடுப்பு. மாட்டை அவிழ்த்து விடுகிறோம். கோழிக்கூட்டின் கதவைத் திறந்து விடுவதற்குத்தான் நேரம் இருக்கிறது. பிறகு நாட்கள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தால் இரண்டு மூன்று கோழிகள் மிஞ்சி நிற்கும். சில வேளை அதுவும் இராது.

ஊவாவில் இது ஒரு தடவை நடந்து முடிந்த கதையன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண்சரிவினால் உயிர்கள் போயின; பல குடும்பங்கள் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் மாட்டுக் கொட்டிலையும் விட்டு வெளியேறின.

இவ்வாறு வெளியேறிய குடும்பங்கள் வேறோர் இடத்தில் மீண்டும் வாழ்க்கையைத் தொடங்கும்போது, முதலில் கைக்கு எட்டும் வருமானம் கோழியே. மாடு வாங்கப் பெருந்தொகை வேண்டும். மரக்கறி போட மண் பதப்பட வேண்டும். கோழிக்கு ஒரு சிறிய கூடும் கொஞ்சம் தவிடும் போதும். ஆகவே பழைய இடத்திலிருந்து பிடித்துவந்த இரண்டு பெட்டைகள், உதவியாகக் கிடைத்த நான்கு விடைகள், சொந்தக்காரர் கொடுத்த ஓர் இளஞ்சேவல் என்று பல இடத்துக் கோழிகள் ஒரே வீட்டுக்கு வந்து சேர்கின்றன. வந்த அன்று மாலையே அனைத்தையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து விடுகிறோம்.

தவறு அங்கேதான் தொடங்குகிறது. மறுநாள் காலையில் ஒரு விடையின் தலை கொத்துப்பட்டு இரத்தம் வடிகிறது. மூன்றாம் நாள் இன்னொன்று கூட்டின் மூலையில் ஒடுங்கி நின்று தீனி எடுக்க மறுக்கிறது. பத்தாம் நாள் பழைய கோழிகளும் பச்சையாகக் கழிந்து தலையைத் தொங்கப் போடுகின்றன. புதிதாக வந்த கோழிகளும் போய், கையிலிருந்த கோழிகளும் போய், கூடு வெறுமையாகிறது.

மேய்ந்து திரியும் ஊர்க்கோழி ஒன்று வருடத்தில் சாதாரணமாக 40 முதல் 60 முட்டைகள் வரை இடும். முட்டையிடும் நிலைக்கு வந்த ஒரு விடை செத்துப்போனால் இழப்பது ஒரு கோழியின் விலையை மாத்திரமன்று. அதை ஐந்தாறு மாதம் வளர்த்த தீனியும், வரப்போகும் வருடத்தின் முட்டைகளும், அந்த முட்டைகளிற் பொரிக்கவிருந்த குஞ்சுகளும் சேர்ந்தே போகின்றன. ஆகவே புதுக் கோழிகளைப் பழைய கூட்டத்தோடு சேர்ப்பது எப்படி என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்வது நல்லது. இதற்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை. ஒரு மாதப் பொறுமைதான் தேவை.

கோழிகளுக்கும் வரிசை உண்டு

தீனி போடும்போது சற்று நின்று கவனியுங்கள். முதலில் வந்து கொத்துவது எப்போதும் ஒரே கோழிதான். அது மற்ற எல்லாவற்றையும் கொத்தும். அதை எதுவும் திருப்பிக் கொத்தாது. இரண்டாவது கோழி முதலாவதற்கு வழிவிட்டு மற்றவற்றைக் கொத்தும். கடைசியில் நிற்கும் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும். நோர்வே நாட்டைச் சேர்ந்த தோர்லைவ் ஷெல்டெருப் எபே என்பவர் இதனைக் கூர்ந்து கவனித்து, 1920களின் தொடக்கத்தில் ஆய்வாக வெளியிட்டார். மிருகங்களின் கூட்டு வாழ்வைப் பற்றிய கல்வியில் அது முக்கியமான ஆய்வாக இன்றும் பேசப்படுகிறது. நமது பாட்டிமார் இதை ஏட்டில் எழுதவில்லையே தவிர, எந்தக் கோழி எந்தக் கோழிக்கு அடங்கும் என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

இந்த வரிசை கொடுமை போலத் தோன்றினாலும் அதனாற் பயனும் உண்டு. வரிசை நிலைத்துவிட்டால் தினமும் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. முறைத்துப் பார்த்தாலே சின்னக் கோழி விலகிவிடும். புதுக் கோழி ஒன்று உள்ளே வந்தால் முழு வரிசையும் குலைகிறது. ஒவ்வொரு பழைய கோழியும் புதியதற்குத் தன் இடத்தைக் காட்ட நினைக்கிறது. ஆகவே கொஞ்சம் கொத்துவதும் துரத்துவதும் இயல்பு. அதை முற்றாக நிறுத்த முடியாது. காயமும் சாவும் வராமற் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

முதலில் தனியே வையுங்கள்

சண்டையைவிடப் பெரிய ஆபத்து நோய். பார்வைக்கு நல்ல சுகமாக இருக்கும் கோழியும் நோயைச் சுமந்து வரலாம். அதேபோல, நம்முடைய பழைய கோழிகளின் எச்சத்தில் இருக்கும் கிருமிகள், அவற்றுக்குப் பழகாத புது விடைகளைத் தாக்கலாம். இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது ராணிக்கெட் நோய். நியூகாசில் நோய் என்பதும் இதுவே. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் ஜாவாத் தீவிலும் அடையாளங் காணப்பட்டது. பின்னர் வட இந்தியாவின் ராணிக்கெட் என்னும் மலையூரில் கண்டபடியால் நம் பக்கத்தில் அந்தப் பெயர் நிலைத்தது. பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளல், கால் சிறகு விழுந்துபோதல் ஆகியன இதன் அறிகுறிகள். சில வேளை எந்த அறிகுறியும் காட்டாமல் காலையில் செத்துக் கிடக்கும். வந்தபின் இதற்கு மருந்து இல்லை. தடுப்பு மருந்து கொடுக்காத கூட்டத்தில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

எனவே புதுக் கோழிகள் வந்தவுடன் செய்ய வேண்டியவை:

1. ஆகக் குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் நான்கு வாரம், தனிக்கூட்டில் வையுங்கள். நோய்க் கிருமி உடம்பில் ஒளிந்திருந்தால் இந்தக் காலத்துக்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். கூடு பழைய கூட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்குமோ அவ்வளவு நல்லது. பழைய கூடு வீட்டின் பின்புறம் என்றால் புதியது முன்புறம் இருக்கட்டும்.

2. காலையில் பழைய கோழிகளுக்கு முதலில் தீனி வையுங்கள். புதியவற்றைப் பிறகு கவனியுங்கள். இரண்டுக்கும் ஒரே தண்ணீர்ச் சட்டியைப் பாவிக்க வேண்டாம். கையையும் செருப்பையும் கழுவிக்கொள்ளுங்கள். நோய் பெரும்பாலும் நம் காலில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

3. சிறகை விரித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கோழிப்பேனும் செள்ளும் அங்கேதான் இருக்கும். காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு பெட்டியில் வைத்தால் கோழிகள் தாமாகவே அதிற் குளித்துப் பேனைக் குறைத்துக்கொள்ளும்.

4. எச்சத்தைக் கவனியுங்கள். இரத்தம் கலந்திருந்தால் இரத்தக் கழிச்சல் என்று எண்ணி, தாமதிக்காமல் அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இளம் கோழிகளை இது விரைவில் கொல்லும். ஈரமான கூட்டில்தான் அதிகம் வரும். ஆகவே தரையில் மரத்தூளோ உமியோ பரப்பி, நனைந்த இடத்தை அள்ளிவிட வேண்டும்.

5. இந்தக் காலத்துக்குள் ராணிக்கெட் தடுப்பு மருந்தைப் புதிய கோழிகளுக்கும் பழைய கோழிகளுக்கும் கொடுத்து விடுங்கள். மருந்து கொடுத்த அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. ஒன்று முதல் இரண்டு வாரம் செல்லும். அதன் பிறகே சேர்க்க வேண்டும்.

தனிமைக் காலம் முடியுமுன் ஒரு கோழி செத்தால் அதை ஓடையிலோ கானிலோ எறிய வேண்டாம். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். எஞ்சியவற்றை அவசரப்பட்டு வியாபாரியிடம் விற்பதும் கூடாது. அவருடைய கூடையில் ஏறும் நோய் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

கண்ணால் பழகட்டும்

தனிமைக் காலம் நல்லபடி முடிந்த பின்னர், புதிய கோழிகளைப் பழைய கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். இடையில் ஒரு கம்பி வலையோ மூங்கில் தட்டியோ இருக்கட்டும். ஒன்றையொன்று பார்க்கலாம், குரலைக் கேட்கலாம்; ஆனால் கொத்த முடியாது. இவ்வாறு ஏழு முதல் பத்து நாள் வைத்தால் முதற் கோபம் தணிந்துவிடும். தட்டியின் இரு பக்கத்திலும் அருகருகே தீனி வைத்தால், பக்கத்தில் நின்று தின்னப் பழகிக்கொள்ளும்.

புது இடத்துக்கு வந்த கோழிகளுக்கு இந்த அடைப்பு இன்னொரு வகையிலும் உதவுகிறது. எங்கே படுக்க வேண்டும் என்பதை அவை பழகிக்கொள்கின்றன. வந்த மறுநாளே திறந்துவிட்டால் தேயிலை மலைக்குள் போய் இரவில் அங்கேயே தங்கும். கீரியும் நரியும் மரநாயும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மலையில் களைநாசினி அடிக்கும் நாட்களில் எல்லாக் கோழிகளையும் கட்டாயம் அடைத்தே வைக்க வேண்டும்.

எந்த வயதில் சேர்ப்பது?

பெரிய கோழிகளோடு சின்னக் குஞ்சுகளைச் சேர்க்கவே கூடாது. உடம்பின் அளவு ஏறக்குறைய ஒத்துவரும்போதே சேர்க்க வேண்டும். விடைகளுக்கு 12 முதல் 16 வாரம் வரை நல்ல வயது. அதற்குள் ஓடித் தப்பும் பலம் வந்துவிடும். முட்டையிடத் தொடங்குவதற்குச் சில வாரங்களாவது முன்னதாகச் சேர்த்துவிட்டால், புதிய இடத்தில் அமைதி அடைந்த பின் முட்டை தொடங்கும். முட்டை விழும் தறுவாயில் கலைத்தால் முட்டை தள்ளிப் போகும்.

பங்களாதேசத்தில் 1980கள் முதல் அரசாங்கக் கால்நடைத் திணைக்களமும் பிராக் என்னும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து நடத்திய கிராமக் கோழித் திட்டத்தில் இதே பாடத்தைக் காணலாம். ஒருநாட் குஞ்சுகளை எல்லா வீட்டுக்கும் நேரடியாகக் கொடுக்காமல், பயிற்சி பெற்ற சில பெண்கள் அவற்றை ஏறக்குறைய 8 வாரம் வரை வளர்த்துக் கொடுத்தார்கள். வேறு சில பெண்கள் தடுப்பு மருந்து கொடுக்கப் பழகி, தம் கிராமத்துக் கோழிகளுக்கெல்லாம் அந்த வேலையைச் செய்தார்கள். கோழி கொடுப்பதோடு உதவி முடிந்துவிடுவதில்லை. எந்த வயதில், எந்தப் பாதுகாப்போடு கொடுக்கிறோம் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

தீனியிலும் ஒரு கவனம் வேண்டும். முட்டைக் கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளரும் விடைகளுக்கு அதைத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெடும். கலந்து வளரும் கூட்டத்துக்கு வளரும் கோழித் தீனி, அல்லது குறுணி, சோளம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கீரை ஆகியவற்றைக் கொடுத்து, சிப்பித்தூளையோ நன்றாக வறுத்துத் தூளாக்கிய முட்டை ஓட்டையோ வேறொரு சிரட்டையில் வைத்து விடுங்கள். முட்டையிடும் கோழிகள் தேவையான அளவைத் தாமே எடுத்துக்கொள்ளும்.

சேர்க்கும் நாள்

ஒற்றைக் கோழியைச் சேர்க்க வேண்டாம். எல்லாப் பழைய கோழிகளும் அந்த ஒன்றின் மீதே பாயும். இரண்டு மூன்றாகவோ அதற்கு மேலாகவோ சேர்த்தால் கொத்து பகிரப்படும். ஒன்றுக்கொன்று துணையாகவும் நிற்கும்.

முதற் சந்திப்பு கூட்டுக்குள் நடக்கக் கூடாது. வெளியில், திறந்த இடத்தில், பின்னேரம் நான்கு மணியளவில் இரண்டு கூட்டத்தையும் திறந்து விடுங்கள். மேய்வதற்குப் புல்லும் கிளறுவதற்கு மண்ணும் இருந்தால் சண்டையில் கவனம் குறையும். ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்தி சாய்ந்ததும் அவை தத்தம் கூட்டுக்குப் போகட்டும். இவ்வாறு மூன்று நான்கு நாள் செய்தபின், ஓர் இரவில் நன்றாக இருட்டிய பிறகு, புதிய கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழைய கோழிகளின் பக்கத்தில் கொம்பில் ஏற்றி விடுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டை பிடிக்காது. மறுநாள் விடியுமுன் எழுந்துபோய்க் கூட்டைத் திறந்து விட வேண்டும். இதுவே முக்கியம். வெளிச்சம் வந்த பின்பும் அடைத்து வைத்தால், ஓட இடமின்றிப் புதிய கோழிகள் அடிபடும்.

இடம் போதுமா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். இரவுக் கூட்டில் ஒரு கோழிக்கு 2 சதுர அடியாவது வேண்டும். படுக்கும் கொம்பில் ஒவ்வொன்றுக்கும் 8 அங்குலம் வேண்டும். 7 பேர்ச் காணி ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடும் மலசலகூடமும் நடைபாதையும் போனால் எஞ்சுவது அதிகமில்லை. எட்டுக் கோழிக்குப் போதுமான இடத்தில் இருபதை விட்டால் எந்த முறையும் பலிக்காது.

தீனித் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒன்றைப் பெரிய கோழி காவல் காத்தாலும் மற்றதில் விடை தின்னும். ஒளிந்துகொள்ள இடமும் வேண்டும். கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குவியல் ஒன்று, சுவரில் சாய்த்த பலகை ஒன்று, வாய் ஒருபக்கம் திறந்திருக்கும்படி படுக்கவைத்த பழைய கொழுந்துக்கூடை ஒன்று: இவை போதும். ஆனால் ஒருவழி மாத்திரம் உள்ள மூலையாக இருக்கக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்ட விடை வெளியேற வழியின்றி அடிபடும்.

ஒரேயொரு பழைய கோழி மாத்திரம் விடாமல் துரத்தினால், புதியதைப் பிரிக்க வேண்டாம். துரத்தும் கோழியைப் பிடித்து மூன்று நான்கு நாள் வேறிடத்தில் அடையுங்கள். அது திரும்பி வரும்போது கூட்டத்தில் அதுவே புதுக்கோழி போலாகிவிடும். இரத்தம் கண்ட கோழியை மட்டும் உடனே விலக்குங்கள். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் விடாமல் கொத்தும். காயத்தைக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி, ஆறியபின் மீண்டும் சேர்க்கலாம். சேர்த்த முதல் இரண்டு வாரங்களில் பழைய கோழிகளின் முட்டை குறைந்தால் பயப்பட வேண்டாம். வரிசை நிலைத்ததும் முட்டை திரும்பும்.

சேவல் விடயம் வேறு

பெட்டைகளின் சண்டை கொத்தோடு முடியும். சேவல்களின் சண்டை உயிரோடு விளையாடும். வெவ்வேறு வீட்டில் வளர்ந்த இரண்டு பெரிய சேவல்களை ஒரே இடத்தில் விட்டால், இடம் குறைந்தால், ஒன்று சாகும்வரை நிற்காது.

நம் காடுகளில் வாழும் இலங்கைக் காட்டுக்கோழி இந்நாட்டின் தேசியப் பறவை. காட்டுச் சேவல் தன் எல்லையைக் கூவிக் காவல் காக்கும். வேறு சேவலை உள்ளே விடாது. வீட்டுச் சேவலின் குணமும் அதைப் போன்றதே.

எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். அதற்கு மேல் சேவல் இருந்தால் பெட்டைகளின் முதுகு இறகு உதிர்ந்து புண்ணாகும். முட்டை மாத்திரம் வேண்டுமென்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான்.

நம் கூட்டத்திலேயே பொரித்து வளர்ந்த இளஞ்சேவல் பெரிய சேவலுக்குப் பயந்து ஓரமாக வாழும். நான்கைந்து மாதத்தில் கூவத் தொடங்கி, பெட்டைகளைத் துரத்தும். பழைய பெட்டைகள் அதை அடித்து விரட்டும். இது நல்லதே, அடக்கம் பழகும். ஆனால் முள் வளர்ந்து பலம் வந்ததும் பெரிய சேவலை எதிர்க்கும். அந்த நேரத்துக்கு முன்பே எதை வைத்திருப்பது, எதை விற்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். மிஞ்சிய இளஞ்சேவல்களை அந்த வயதில் விற்றால் இறைச்சிக்கு நல்ல விலையும் கிடைக்கும்; தீனியும் மிச்சமாகும்.

வெளியிலிருந்து புதுச்சேவல் கொண்டுவருவதாயின் பழையதை முதலில் அப்புறப்படுத்துங்கள். சில நாள் சென்றபின், தனிமைக் காலம் முடித்த புதுச்சேவலை இரவில் பெட்டைகளின் நடுவே ஏற்றி விடுங்கள். வயது முதிராத சேவலானால் பெட்டைகள் கொத்தும். ஏழெட்டு மாதமான சேவலே நல்லது.

பழைய சேவல் போன பின்பும் அதன் வித்து பெட்டையின் வயிற்றில் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடிருக்கும். எனவே புதுச்சேவலின் குஞ்சு வேண்டுமானால் மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளையே அடைவைக்க வேண்டும்.

சேவலை மாற்றுவதன் பயனையும் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் மிஞ்சியது ஒரு தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். கூடப்பிறந்த சேவலையும் பெட்டையையும் தலைமுறை தலைமுறையாகக் கூட்டினால் முட்டை பொரிப்பது குறையும், குஞ்சு நோஞ்சானாகும். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தூரத்துக் குடும்பம் ஒன்றோடு சேவலை மாற்றிக்கொள்வது செலவில்லாத வழி.

எல்லாவற்றிலும் இலகுவான வழி

வீட்டில் அடைக்கோழி ஒன்று இருந்தால் வேறெந்த முறையும் தேவையில்லை. 21 நாளில் பொரித்த குஞ்சுகளைத் தாய்க்கோழியே கூட்டத்துக்குள் அழைத்துச் செல்லும். சேவலானாலும் சரி, வரிசையில் முதற் கோழியானாலும் சரி, குஞ்சின் பக்கம் வந்தால் தாய் சீறிப் பாயும். தாய் குஞ்சுகளை விட்டு விலகும்போது அவை கூட்டத்தில் பழகிவிட்டிருக்கும்.

வாங்கிய ஒருநாட் குஞ்சுகளையும் இவ்வாறு வளர்க்கலாம். இரண்டு வாரமாவது உறுதியாக அடையிருந்த கோழியின் சிறகுக்கடியில், இரவில், ஓசையின்றிக் குஞ்சுகளை வைத்து, முட்டைகளை எடுத்துவிடுங்கள். காலையில் அவற்றைத் தன் குஞ்சென்று நம்பி அழைத்துச் செல்லும். குஞ்சு பொரித்து இரண்டு மூன்று நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும். சில கோழிகள் ஏற்காது கொத்தும். ஆகவே விடியும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள்.

பல வீட்டுக் கோழிகள், ஒரே திடல்

இதுவரை சொன்னது ஒரு வீட்டுக் கூட்டத்தைப் பற்றி. ஆனால் இடைத்தங்கல் முகாமிலும் புதுக் குடியிருப்பிலும் நிலைமை வேறு. மேட்டு லயத்துக் கோழியும் பணிய லயத்துக் கோழியும் கிராமத்துக் கோழியும் ஒரே திடலில் மேய்கின்றன. கோழிச் சண்டை ஆட்சண்டையாவது அங்கேதான்.

"அக்கா, ஒங்க சாவல் எங்க வெடையக் கொத்தி ரெத்தம் வர வச்சிருச்சு. புடிச்சு அடைங்க."

"ஏந்தங்கச்சி, எங்க சாவல் இங்கதானே நின்னுச்சு. ஒங்க வெடைதான் எங்க தீனியில வந்து விழுந்துச்சு."

இரண்டு பேருடைய பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வேலி இல்லாத இடத்தில் யாருடைய கோழி யாருடைய இடத்துக்கு வந்தது என்று எப்படிச் சொல்வது? எல்லாத்தையும் இழந்து வந்தவருக்கு ஒரு விடையின் இழப்பு சிறிதன்று. ஆகவே கோழிகள் கலந்தபின் சண்டை பிடிப்பதைவிட, கலக்கும் முன் பேசிக்கொள்வது நல்லது. குடும்பத் தலைவிகள் ஒரு மாலை கூடி இவற்றைத் தீர்மானிக்கலாம்:

முதலாவது, வெளியிலிருந்து யார் கோழி கொண்டுவந்தாலும் மூன்று வாரம் அடைத்து வைப்பது. ஒரு வீடு இதை மீறினாலும் எல்லா வீட்டுக் கோழிக்கும் ஆபத்து.

இரண்டாவது, தடுப்பு மருந்தை ஒரே நாளில் எல்லாருக்கும் போடுவது. மருந்து ஒரு புட்டியில் பல கோழிகளுக்கு உரிய அளவிலேயே வரும். கலக்கினால் அன்றே முடிக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு அது வீண்செலவு. பத்து வீடு சேர்ந்தால் சிறு செலவு. கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் ஒரு நாள் வந்து போவது இலகு. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ஸ்ப்ராட்புரோ என்பவர், குளிர்பெட்டி வசதி குறைந்த கிராமங்களுக்கென வெப்பத்தைத் தாங்கும் ராணிக்கெட் தடுப்பு மருந்துகளை உருவாக்கப் பாடுபட்டார். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் கிராமத்தவரே அவற்றைக் கண்ணில் ஒரு துளியாக விடப் பழகினார்கள். இங்கே எந்த மருந்து கிடைக்கிறது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்பதை உங்கள் பிரதேச அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எத்தனை சேவல் என்பது. பத்து வீட்டில் பத்துச் சேவல் தேவையில்லை. ஒருவருக்கொருவர் ஒத்துப்போனால் மூன்று நான்கு நல்ல சேவல்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்கலாம். சேவல் வைத்திருப்பவருக்கு மற்ற வீடுகள் ஒரு பங்கு குறுணி கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

நான்காவது, அடையாளம். காலில் வெவ்வேறு நிறத் துணி நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டால் யாருடைய கோழி என்ற கேள்வி எழாது. கோழி வளர வளர நூலை மாற்றிக் கட்ட வேண்டும். இறுகினால் கால் வீங்கும்.

காலம் பார்த்துச் சேருங்கள்

பதுளைப் பக்கத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். கூடு நனையும், இரவு குளிரும், கோழிகள் வெளியே மேயாமல் நெருக்கமாக அடைந்து கிடக்கும். இரத்தக் கழிச்சலும் சளியும் இந்தக் காலத்தில் கூடும். இறகு உதிர்க்கும் கோழியும் இளைத்திருக்கும். முடிந்தவரை இந்த மாதங்களில் புதுக் கோழிகளைச் சேர்க்க வேண்டாம். பெப்ரவரி, மார்ச் மாதங்களும், மழை குறைந்த யூன் முதல் ஓகஸ்ட் வரையும் ஏற்றவை. யூன் மாதத்துக்குப் பின் வரும் கச்சான் காற்று பலமாக வீசும் இடங்களில், காற்று வரும் பக்கத்தைச் சாக்கினால் மறைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

மழைக்காலத்திலேயே உதவிக் கோழிகள் வந்து சேர்ந்தால், வேண்டாமென்று சொல்ல முடியாது. அப்போது தனிக்கூட்டில் வைக்கும் காலத்தைச் சற்று நீட்டி, தரையைக் காயவைத்து, மழை விட்ட பின் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியே இருக்கும் கோழியும் வளரத்தான் செய்யும், அதனால் நட்டமில்லை.

சுவரில் ஒட்டிவைக்க

முதல் வாரம் தொடங்கி மூன்று அல்லது நான்கு வாரம்: தூரத்தில் தனிக்கூடு, பேன், எச்சம் பார்த்தல், தடுப்பு மருந்து.

அடுத்த ஏழு முதல் பத்து நாள்: பக்கத்தில் வலை அல்லது தட்டி, பார்த்துப் பழகுதல்.

அடுத்த மூன்று நான்கு நாள்: பின்னேரத்தில் வெளியே சேர்ந்து மேய்தல்; இரண்டு தட்டில் தீனி.

பிறகு ஓர் இரவு: ஒரே கூடு, மறுநாள் விடியுமுன் கதவு திறத்தல்.

அதன்பின் இரண்டு வாரம்: தினமும் காலையும் மாலையும் எண்ணிப் பார்த்தல், இரத்தம் கண்டதைப் பிரித்தல், விடாமல் துரத்துவதை அடைத்தல்.

நான்கு விடைகளைச் சேர்த்து நான்கும் உயிரோடு முட்டைக்கு வந்தால், ஆறு மாதத்தில் ஒரு வீட்டுக்குப் பிள்ளைகளின் கொப்பிக்கும் பேனைக்கும் கைக்காசு வரும். ஓர் அடைக்கோழியும் கிடைக்கும். அடுத்த தடவை விடைக்காக யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்கு நாமே இரண்டு விடைகளைக் கொடுக்கலாம். கொடுக்கும்போது, மூன்று வாரம் தனியே வைக்கும்படி சொல்லிக் கொடுப்போம்.